எது எதற்காகக் காத்திருக்கிறது?

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

கம்பெனியில் உன்னை புராஜெக்ட் பக்கம் மாற்றிவிட்டார்கள், அதற்கென்று ஒரு கோர்ஸும் படிக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்று அக்கா சொன்னாள். "எதிலிருந்து ஆரம்பிக்கிறது மாமா?" என்று நீ கேட்டாயே, அது போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை. நான் கட்டட சைட்டிலேயே காலம் தள்ளியவன். சொல்கிற உதாரணமெல்லாம் சிமென்ட் வாசனை அடிக்கும், பொறுத்துக்கொள்.

உன் புத்தகத்தில் சார்ட்டர், ஸ்டேக்ஹோல்டர், ரிஸ்க் ரிஜிஸ்டர் என்று வரிசையாக வரும். வேண்டாத விஷயங்கள் என்று சொல்லமாட்டேன். ஆனால் முதலில் பிடிபட வேண்டியது, எந்த வேலை எந்த வேலைக்காகக் காத்திருக்கிறது என்பதுதான். அது தெரியாதவனிடம் எத்தனை சார்ட் கொடுத்தாலும் கலர் அடிக்கத்தான் உதவும்.

ஒரு வீட்டுக்குத் தளம் போடுவதை எடுத்துக்கொள். சென்ட்ரிங்காரர் பலகை அடித்து முட்டுக் கொடுத்த பிறகுதான் கம்பி கட்டுகிறவர் மேலே ஏற முடியும். கம்பி கட்டும்போதே எலக்ட்ரீஷியன் வந்து பைப் ஓட்டி, ஃபேன் பாக்ஸ் வைத்துவிட வேண்டும். அவருக்கு அரை நாள் வேலைதான். அவர் வராவிட்டால் மறுநாள் காலை காங்கிரீட் ஆட்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். அவர் இல்லாமலே போட்டுவிட்டால் பிறகு தளத்தைக் குடைந்து கொக்கி மாட்ட வேண்டியதுதான். பெரிய பில் வருகிற வேலையை எல்லோரும் கண்கொத்திப் பாம்பாகப் பார்ப்பார்கள். அரை நாள் வேலைக்காரர் முந்தின நாள் ராத்திரி பத்து மணிக்குத்தான் ஞாபகத்துக்கு வருவார். பெரும்பாலான தாமதம் இப்படித்தான் பிறக்கிறது.

காங்கிரீட் போட்டாயிற்று, மறுநாள் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துகிறோம். 4.5 மீட்டர் வரை இடைவெளி உள்ள தளத்துக்கு 7 நாள், அதற்கு மேலென்றால் 14 நாள் கழியாமல் முட்டுகளைப் பிரிக்கக் கூடாது என்கிறது காங்கிரீட் வேலைக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 456. ஆளை இரட்டிப்பாக்கினால் 14 நாள் 7 ஆகுமா? ஆகாது. ஆனால் அந்த நாட்களில் கதவு, ஜன்னலுக்கு ஆர்டர் கொடுக்கலாம், காம்பவுண்டுச் சுவர் எழுப்பலாம். காம்பவுண்டுச் சுவர் நான்கு நாள் தள்ளிப்போனாலும் கிரகப்பிரவேசம் தள்ளிப்போகாது. முட்டுப் பிரிப்பது ஒரு நாள் தள்ளினால் உள்பூச்சு, டைல்ஸ், பெயின்ட் எல்லாமே ஒரு நாள் தள்ளும். இப்படி ஒன்றின் தாமதம் மொத்தத்தையும் இழுக்கிற வேலைகளின் சங்கிலிதான் உன் பாடத்தில் வரும் கிரிட்டிக்கல் பாத். 1957-இல் அமெரிக்காவின் ட்யூபான்ட் ரசாயன நிறுவனத்தின் வேலைகளுக்காக மார்கன் வாக்கரும் ஜேம்ஸ் கெல்லியும் இதைக் கம்ப்யூட்டர் கணக்காக்கினார்கள். நம் மேஸ்திரிகள் கணக்குப் போடாமலே மனத்தில் வைத்திருப்பார்கள்.

அப்படி ஒரு காத்திருப்பை அறுத்த கதை சொல்கிறேன். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தது உனக்குத் தெரியும். அதே புயல் பாம்பன் ரயில் பாலத்தின் 120-க்கும் மேற்பட்ட கர்டர்களையும் கடலில் தள்ளிவிட்டது. சாலைப் பாலம் வந்தது 1988-இல்தான். அன்றைக்கு ரயில் இல்லையென்றால் ராமேஸ்வரத்துக்குப் படகுதான். பாலத்தைச் சரிசெய்ய ரயில்வே வைத்த கெடு 6 மாதம், மேலதிகாரி அதை 3 மாதமாக்கினார். பொறுப்பேற்ற இளம் பொறியாளர் இ. ஸ்ரீதரன் 46 நாளில் முடித்தார். பின்னாளில் கொங்கண் ரயில்வேயையும் டெல்லி மெட்ரோவையும் கட்டியவர் அவர்தான்.

மேடையில் இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் உழைப்பு, மன உறுதி என்று கைதட்டு வாங்கிவிட்டு இறங்கிவிடுகிறார்கள். எனக்கு அது பாதிக் கதை. அங்கே இல்லாமல் போனது கர்டர். புதிதாகச் செய்து தொலைவிலிருந்து கொண்டுவருவதென்றால், ராப்பகலாக எத்தனை பேர் நின்றாலும் கர்டர் வந்து சேரும் நாளுக்குப் பிறகுதான் பாலம். விழுந்த கர்டர்கள் கடலடியில் கிடக்கிற இடம் மீனவர்கள் சொல்லித் தெரியவந்தது. அவற்றைத் தூக்கியெடுத்துத் திரும்பத் தூண்களில் ஏற்றினார்கள். அந்தக் காத்திருப்பு அறுபட்ட பிறகுதான் உழைப்பும் உறுதியும் நாட்களைக் குறைத்தன. இன்னொன்றையும் பார்: அந்தத் தகவல் எந்தக் கோப்பிலும் இல்லை. ஸ்டேக்ஹோல்டர் பட்டியல் எழுதும்போது மேனேஜர்களோடு நிறுத்திவிடாதே.

வரிசையை மீறினால் என்ன ஆகும் என்பதற்கு சிட்னி ஓப்பரா ஹவுஸ் இருக்கிறது. அரசுக்கு அவசரம், ஜோர்ன் உட்சன் வரைந்த அந்தக் கூரையை எப்படிக் கட்டுவது என்று முடிவாகாமலே 1959-இல் அடித்தளத்தை ஆரம்பித்தார்கள். கூரையின் கணக்கு ஒருவழியாக வந்தபோது, கட்டி வைத்த தூண்கள் அந்தப் பாரத்தைத் தாங்காது என்று தெரிந்து இடித்துக் கட்டினார்கள். 1963-இல் முடியும், 70 லட்சம் டாலர் ஆகும் என்று சொன்ன வேலை 1973-இல், 10 கோடியே 20 லட்சம் டாலரில் முடிந்தது. கட்டடம் உலக அதிசயம்தான், மறுக்கவில்லை. அதே பாணியில் வேலை பார்க்க உனக்கு யாரும் பணம் தரமாட்டார்கள்.

உன் மென்பொருள் தொழிலுக்கு வருவோம். ஐபிஎம்மின் ஓஎஸ்/360 மென்பொருள் வேலையை நடத்திய ஃபிரெட் புரூக்ஸ் 1975-இல் எழுதிய புத்தகத்தில், தாமதமான மென்பொருள் வேலையில் ஆளைக் கூட்டினால் இன்னும் தாமதமாகும் என்கிறார். புதிதாக வருகிறவருக்குக் கற்றுத்தர வேண்டியவர், ஏற்கெனவே திணறிக்கொண்டிருக்கும் பழைய ஆள்தான். நான்கு பேர் என்றால் ஒருவருக்கொருவர் பேச வேண்டிய ஜோடிகள் 6, பத்துப் பேர் என்றால் 45. உங்கள் மீட்டிங்குகள் ஏன் முடிவதில்லை என்று இப்போது புரிகிறதா?

நாள் கணக்குக் கேட்பதிலும் ஒரு வித்தை உண்டு. "எத்தனை நாள் ஆகும்?" என்று மட்டும் கேட்டால் ஆசையைத்தான் பதிலாகச் சொல்வார்கள். உளவியலாளர் டேனியல் கானமன் இஸ்ரேலில் ஒரு பாடநூல் குழுவில் இருந்தார். இரண்டு வருஷத்தில் முடியும் என்றுதான் குழுவில் எல்லோரும் கணித்தார்கள். இதே மாதிரிக் குழுக்களுக்கு எவ்வளவு ஆயிற்று என்று ஒரு நிபுணரிடம் கேட்டபோது, 7 முதல் 10 வருஷம், பத்தில் நான்கு குழு முடிக்கவே இல்லை என்றார். அந்த நிபுணரும் இரண்டு வருஷம் என்று கணித்தவர்தான்! கடைசியில் பிடித்தது 8 வருஷம். அதனால் "போன தடவை இதே வேலைக்கு எத்தனை நாள் பிடித்தது?" என்று கேள். பதில் கசக்கும், ஆனால் உபயோகப்படும்.

நீ திட்டம் போடுகிற மென்பொருளில் 'பிரிடிசெசர்' என்று ஒரு பத்தி இருக்கும், முன்னால் முடிய வேண்டிய வேலை எது என்று கேட்கும். நிறையப் பேர் அதைக் காலியாக விட்டுவிட்டு, பட்டைகளை மவுஸால் இழுத்து அழகு பார்ப்பார்கள். நீ அதை மட்டும் முதலில் நிரப்பு. அதற்கு முன்னால் டெஸ்டிங் செய்கிற பெண், சர்வர் பார்க்கிறவர், வாடிக்கையாளர் பக்கம் கையெழுத்துப் போடுகிறவர், ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் போய், "உங்கள் வேலை ஆரம்பிக்க யாரிடமிருந்து என்ன வர வேண்டும்?" என்று கேட்டு ஒரு தாளில் எழுது. இரண்டு பேர் ஒருவருக்காக ஒருவர் காத்துக்கொண்டிருப்பதாகச் சொன்னால், அந்த இருவரையும் அன்றைக்கே ஒன்றாக உட்காரவை. அந்தத் தாளைப் போட்டோ எடுத்து வெள்ளிக்கிழமைக்குள் எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பு. கையெழுத்து கோழி கிறுக்கலாக இருந்தாலும் பரவாயில்லை.

அன்புடன்,
மாமா