கழற்ற முடியாத லென்ஸ் விளையாட்டுச் சாமானா?

பூநாரை வரும் பருவம் தொடங்கினால் போதும், பழவேற்காடு ஏரியை அடுத்த ஆரம்பாக்கம் பக்கம் கேமராப் பையோடு வரும் பிள்ளைகள் ஒரே பாட்டைப் பாடுகிறார்கள்: “லென்ஸ் மாற்ற முடியாத கேமரா வாங்கினால் காசு தண்டம். ஒழுங்காகப் படம் எடுக்கக் கற்க வேண்டுமென்றால் லைக்கா மாதிரி லென்ஸ் மாற்றும் ரேஞ்ச்பைண்டர்தான்.” கடைக்காரர் சொன்னாராம், யூடியூபில் பார்த்தார்களாம். கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. கேமரா பழுது பார்ப்பது என் தொழில். இந்தப் பேச்சை நம்பியவர்கள் கடைசியில் எங்கள் மேசைக்குத்தான் வருகிறார்கள்.

பழவேற்காடு ஏரி கடல்நீர் ஏறி இறங்கும் காயல். காற்றிலேயே உப்பு இருக்கிறது. கரையில் மணலும் கிளிஞ்சல் தூளும் பறக்கின்றன, படகில் தண்ணீர் தெறிக்கிறது. ஆடும் பலகையில் உட்கார்ந்துகொண்டு 35 எம்எம் லென்ஸைக் கழற்றி 90 எம்எம் மாட்டிப் பாருங்கள். ஒன்று மடியில், ஒன்று கையில், பின்மூடி எங்கேயோ உருண்டு கிடக்கும். அந்த நேரம் முழுக்க பாடி வாய் திறந்து கிடக்கிறது. உள்ளே போகும் ஒரே ஒரு துளி போதும். காய்ந்ததும் உப்பு சென்சார் கண்ணாடிமேல் ஒட்டிக்கொள்ளும். எஃப்11 வைத்து எடுத்தால் ஒவ்வொரு படத்திலும் அதே இடத்தில் கரும்புள்ளி தெரியும். இந்த ஏரியில் எடுக்கும் படத்தில் பாதி வானம்தான், புள்ளியை ஒளிக்க இடமே இல்லை. அதை உலர்ந்த துணியால் துடைத்தால் உப்புப் பரல் கண்ணாடியையே கீறிவிடும். அதற்கு மேல் செலவு உங்களுடையது.

ஈரம் என்றால் அலட்சியம் வேண்டாம். 2009இல் வந்த லைக்கா எம்9இல் சென்சாரை மூடிய கண்ணாடியே அரித்துப்போய், நிறுவனமே சென்சார் மாற்றிக்கொடுக்க வேண்டி வந்தது. அத்தனை விலை கொடுத்த சாமானுக்கே அந்தக் கதி.

ரேஞ்ச்பைண்டர் மட்டமான கருவி என்று நான் சொல்லவில்லை. லென்ஸின் பின்விளிம்பு ஒரு சிறிய உருளையைத் தள்ளுகிறது. அந்த அசைவில், வியூபைண்டர் நடுவே தெரியும் இரண்டு பிம்பங்கள் ஒன்றாகச் சேர்கின்றன, சேர்ந்தால் ஃபோகஸ் சரி என்று அர்த்தம். 1954இல் லைக்கா எம்3க்குச் செய்த லென்ஸை இன்றைய எம்11இலும் மாட்டலாம் என்றால் அந்த வேலைப்பாட்டுக்குக் கைகூப்பத்தான் வேண்டும். ஆனால் அது குலுக்கலுக்கு ஆகாது. பைக் டேங்க்மேல் பையை வைத்துக் குண்டும் குழியுமான குப்பத்து ரோட்டில் ஓட்டினால் அந்தப் பொருத்தம் மயிரிழை விலகும். பிம்பம் சேர்ந்துவிட்டது என்று கண் சொல்லும், வீட்டுக்கு வந்து பார்த்தால் மூக்கு தெளிவாகவும் கண் மங்கலாகவும் இருக்கும்.

சரி, பூநாரைக்காகத்தானே இவ்வளவு தூரம் வந்தீர்கள்? லைக்கா எம் வியூபைண்டர் சட்டகம் காட்டும் மிக நீளமான லென்ஸ் 135 எம்எம். தூரத்துச் சேற்றுத் திட்டில் நிற்கும் பூநாரை அதில் எள்ளளவுதான் தெரியும். 400 எம்எம்முக்குக் குறையாமல் வேண்டும், அது ரேஞ்ச்பைண்டருக்கான வேலையே இல்லை. லென்ஸ் மாற்றலாம் என்ற பெருமை, மாற்றியே ஆகவேண்டிய இடத்தில் உதவவில்லை. கிட்டப் போய் எடுக்கிறேன் என்று படகை விரட்டிப் பறவையைக் கிளப்புபவர்களிடம் எனக்குப் பேச ஒன்றுமில்லை.

“காட்டு விலங்குகளைப் படமெடுத்த மா. கிருஷ்ணன் லென்ஸ் மாற்றி மாற்றி எடுக்கவில்லையா?” என்று என்னை மடக்கப் பார்க்கிறார்கள். அவர் ஒரு கேமராவின் பாடியையும் இன்னொன்றின் லென்ஸையும் தானே பொருத்திக் கருவி செய்துகொண்டவர். யானையை எடுக்க எது வேண்டுமோ அதைக் கட்டிக்கொண்டு, கருப்பு வெள்ளையில் எடுத்தார். எதை எடுக்கப்போகிறோம் என்பது அவருக்கு முதலில் தெரிந்திருந்தது.

என்னைக் கேட்டால், இந்தச் சின்னக் கேமராக்களால் இங்கே எடுக்க வேண்டியது மனிதர்களை. இடுப்பளவு நீரில் இருளர் பெண்கள் கையால் துழாவி இறால் பிடிக்கிறார்கள். பிடித்ததைப் போடும் ஓலைப் பரியைப் பல்லில் கடித்திருக்கிறார்கள். உச்சிவெயிலில் அந்த முகம் நிழலில் இருக்கும், பின்னால் தண்ணீர் கண்ணைக் கூசவைக்கும். கொஞ்சம் ஃபிளாஷ் போட வேண்டும். லைக்கா எம்11இல் சாதாரண ஃபிளாஷோடு ஷட்டர் வேகம் 1/180 வினாடியோடு நின்றுவிடும். ஃபியூஜி எக்ஸ்100 வகையில் ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இருப்பதால் 1/1000க்கும் ஃபிளாஷ் ஒத்துப்போகும், சத்தமும் கேட்காது. 35 எம்எம் பார்வைதான், ஆளிடம் பேசும் தூரத்தில் நின்று எடுக்க அது போதும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எக்ஸ்100 பார்க்க ரேஞ்ச்பைண்டர் மாதிரி இருக்கும், ஆனால் ரேஞ்ச்பைண்டர் கிடையாது. ரேஞ்ச்பைண்டர் என்றாலே லென்ஸ் கழறும் என்பதும் தவறு: 1966இல் வந்த யாஷிகா எலெக்ட்ரோ 35இல் கழற்றவே முடியாது. எக்ஸ்100விஐ தண்ணீர் தெறித்தால் தாங்கும் என்பது முன்னால் அடாப்டர் வளையமும் பில்டரும் போட்டால்தான். ரிகோ ஜிஆர் போல லென்ஸ் உள்ளே போய் வெளியே வரும் வகையை மணலில் திறக்காதீர்கள். நனைந்த கேமராவை அரிசியில் புதைக்காதீர்கள், அரிசி மாவும் சேர்ந்து உள்ளே போகும். பேட்டரியைக் கழற்றிவிட்டுப் பழுதுகடைக்கு எடுத்துப் போங்கள்.

பழைய எம் லென்ஸ் கையில் இருக்கிறது, ஃபிலிமில் நிதானமாக எடுப்பேன் என்றால் ரேஞ்ச்பைண்டரே வாங்குங்கள். சட்டகத்துக்கு வெளியே வருபவரையும் பார்த்துக்கொண்டே எடுக்கும் வசதி வேறெதிலும் அவ்வளவு இயல்பாக இல்லை. படகில் மட்டும் லென்ஸைக் கழற்றாதீர்கள்.

எதை வாங்கினாலும் கொஞ்சம் காசைப் பிரிண்டுக்கு ஒதுக்கி வையுங்கள். குப்பத்தில் வருஷாவருஷம் முகத்தைக் காட்டியவர்களில் எத்தனை பேர் வீட்டில் அந்தப் படம் இருக்கிறது? எடுக்குமுன் கேளுங்கள், பெயரையும் தெருவையும் எழுதிக்கொள்ளுங்கள், அடுத்த தடவை போகும்போது லேமினேட் செய்து கொண்டுபோய்க் கொடுங்கள். உப்புக்காற்றில் வெறும் பிரிண்ட் நிற்காது.