ஏசி மாட்டும்போது பக்கத்திலேயே நில்லுங்கள்

ஆழ்வார்திருநகரியில் ஒருபக்கம் தாமிரபரணியின் ஈரம், கிழக்கிலிருந்து உப்புக்காற்று. இங்கே ஸ்பிளிட் ஏசி மாட்டும்போது, செம்புக்குழாயை முடுக்கியதும் கேஸைத் திறந்துவிட விடாதீர்கள்.

முதலில் நைட்ரஜன் ஏற்றச் சொல்லுங்கள். எவ்வளவு அழுத்தம் என்பது கம்பெனிக் கையேட்டில் இருக்கும். அரை மணி நேரம் கேஜின் முள் இறங்கக் கூடாது. நட்டுகளில் சோப்புத் தண்ணீர் தடவினால் கசிவு குமிழியாகத் தெரியும். ஆக்சிஜன் மட்டும் வேண்டவே வேண்டாம். கம்ப்ரசர் எண்ணெயோடு சேர்ந்தால் வெடிக்கும்.

பிறகு வேக்கம் பம்ப். "கொஞ்சம் கேஸை விட்டு உள்காற்றைத் தள்ளிடலாம்ணே" என்பார்கள், ஒப்புக்கொள்ளாதீர்கள். பம்ப் இழுத்து அழுத்தம் குறையும்போதுதான் குழாய்க்குள் இருக்கும் ஈரம் நம்மூர் வெயில் சூட்டிலேயே கொதித்து ஆவியாகி வெளியேறும். தங்கிவிட்டால் எண்ணெயில் அமிலம் உண்டாகி கம்ப்ரசர் சுருளை அரிக்கும். அழுத்தம் 500 மைக்ரானுக்குக் கீழே இறங்க வேண்டும். சாதாரண கேஜில் இது தெரியாது, டிஜிட்டல் கேஜ் கேளுங்கள். பம்பை அடைத்துப் பத்து நிமிடம் பாருங்கள்: எண் கொஞ்சம் ஏறி நின்றால் ஈரம் மிச்சம்; நிற்காமல் ஏறினால் கசிவு.

உங்கள் ஏசியில் ஆர்32 இருந்தால், அது தீப்பற்றக்கூடிய கேஸ். வேலை முடியும்வரை பக்கத்தில் பீடி, அடுப்பு கூடாது.