முற்கொடுப்பனவுத் தொலைபேசியும் மேலதிகக் கட்டணமும்
(நேரில் வரி – ஓர் உதாரண ஆய்வு)



நேர் வரிக்கும் நேரில் வரிக்கும் உள்ள வேறுபாட்டைத் தருக என வினவப்பட்டால், "வருமான வரி நேர் வரி, பெறுமதி சேர் வரி நேரில் வரி" என்று எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குச் சென்றுவிடுவோர் பலர். உதாரணங்கள் சரியானவை. எனினும் புள்ளி கிடைப்பது விளக்கத்திற்கே. வரியை அரசுக்குச் செலுத்துபவர் ஒருவர், அதன் சுமையைத் தாங்குபவர் இன்னொருவர் என்பதே நேரில் வரியின் இயல்பு. இதனைத் தெளிவாக விளங்கிக்கொள்வதற்கு ஐக்கிய அமெரிக்காவின் மாநிலங்கள் முற்கொடுப்பனவுக் கையடக்கத் தொலைபேசிச் சேவை மீது விதித்துள்ள மேலதிகக் கட்டணத்தை இப்பாடத்தில் நோக்குவோம்.

அமெரிக்காவைத் தெரிவுசெய்ததற்குக் காரணம் உண்டு. அங்கு 50 மாநிலங்கள் உள்ளன. மத்திய அரசு விதிக்கும் வரிகளைத் தவிர ஒவ்வொரு மாநிலமும் தனக்கெனத் தனியான வரிகளை விதிக்கலாம். ஆகவே ஒரே பிரச்சினைக்குப் பல மாநிலங்கள் பல விதமாகத் தீர்வு கண்டுள்ளன. அவற்றைப் பக்கத்திற் பக்கம் வைத்து ஒப்பிட முடிகின்றது.

கட்டணம் தோன்றிய விதம்

நமது நாட்டில் பொலிசாரை அவசரமாக அழைக்க 119 ஐ அழுத்துகின்றோம். அமெரிக்காவில் பொலிஸ், தீயணைப்பு, அம்புலன்ஸ் ஆகிய மூன்றுக்கும் 911 என்னும் ஒரே இலக்கமே உள்ளது. முதலாவது 911 அழைப்பு 1968 பெப்ரவரி 16 ஆந் திகதி அலபாமா மாநிலத்தின் ஹேலிவில் என்னும் சிறு நகரில் எடுக்கப்பட்டது. இச்சேவையை நடத்த அழைப்பு நிலையங்கள், பயிற்றப்பட்ட ஊழியர்கள், அழைப்பவர் இருக்குமிடத்தைக் கண்டறியும் கருவிகள் என்பன தேவை. கையடக்கத் தொலைபேசியிலிருந்து வரும் 911 அழைப்புகளின் இடத்தையும் அறியக்கூடியதாக இருத்தல் வேண்டும் எனக் கூட்டாட்சித் தொடர்பாடல் ஆணைக்குழு 1996 இல் விதித்தபோது செலவு மேலும் கூடியது.

இச்செலவை ஈடுசெய்ய மாநிலங்கள் இலகுவான வழியொன்றைக் கையாண்டன. மாதாந்தத் தொலைபேசிப் பட்டியலில் ஒரு சிறு தொகையைச் சேர்த்து அறவிட்டன. உதாரணமாக, டெக்சாஸ் மாநிலத்தில் ஒரு கையடக்கத் தொலைபேசி இணைப்புக்கு மாதம் 50 சதம். தொலைபேசி நிறுவனம் வாடிக்கையாளரிடம் பெற்று அரசுக்கு அனுப்பிவிடும். பிற்கொடுப்பனவு முறையில் இதில் எவ்விதச் சிக்கலும் இல்லை.

பட்டியல் இல்லாதவரிடம் அறவிடுவது எப்படி?

முற்கொடுப்பனவு முறையிலோ மாதாந்தப் பட்டியல் என்பதே கிடையாது. கடையில் அட்டையொன்றை வாங்கி நிரப்பிப் பேசுவார். முடிந்ததும் இன்னொன்று வாங்குவார். அவருடைய பெயர், முகவரி என்பன நிறுவனத்திற்குத் தெரியாமலும் இருக்கலாம். ஆனால் ஆபத்து நேரும்போது அவரும் அதே 911 ஐத்தான் அழைக்கின்றார். பயன் பெறுவோர் அனைவரும் செலவிற் பங்குகொள்ள வேண்டும் என்பது நியாயமான கோரிக்கையே. பங்கை எவ்விடத்தில் வைத்து வாங்குவது என்பதிலேயே சிக்கல் எழுந்தது.

தொடக்கத்தில் சில மாநிலங்கள் நிறுவனங்களிடமே பொறுப்பை விட்டன. மாதந்தோறும் மீதியிலிருந்து ஒரு தொகையைக் கழிக்கலாம். அல்லது நிறுவனத்தின் மொத்த வருவாயைக் கொண்டு வாடிக்கையாளர் தொகையை உத்தேசமாகக் கணித்துக் கட்டணத்தைச் செலுத்தலாம். இரண்டாவது வழியில் வாடிக்கையாளருக்கு எதுவுமே தெரியவராது. சில நிறுவனங்கள், பட்டியல் அனுப்பாத எமக்கு இச்சட்டம் பொருந்தாது என நீதிமன்றம் சென்றன. வாஷிங்டன் மாநிலத்தில் டிராக்போன் நிறுவனம் தொடுத்த வழக்கில், முற்கொடுப்பனவுச் சேவைக்கும் 911 வரி உரியதே என அம்மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் 2010 இல் தீர்ப்பளித்தது.

இவ்வாறான வழக்குகளுக்கிடையே, மாநிலச் சட்டமன்றங்களின் தேசிய மாநாடு 2009 இல் மாதிரிச் சட்டமொன்றை முன்வைத்தது. அதன்படி கட்டணம் விற்பனை இடத்திலேயே அறவிடப்படும். அதாவது அட்டையை விற்கும் கடைக்காரர் விலையுடன் கட்டணத்தையும் பெற்று, பின்னர் அரசுக்கு அனுப்புவார். அடுத்து வந்த ஆண்டுகளில் பல மாநிலங்கள் இம்முறைக்கு மாறின. டெக்சாசில் 2010 யூன் 1 முதல் ஒவ்வொரு முற்கொடுப்பனவு விற்பனையிலும் 2% அறவிடப்படலாயிற்று.

வரி பற்றிய பாடத்தில் அடம் ஸ்மித்தின் வரி விதிகளைக் கற்றிருப்பீர்கள்: சமத்துவம், நிச்சயத்தன்மை, வசதி, சிக்கனம். அவை 1776 இல் வெளியான அவரது நூலில் உள்ளவை. விற்பனை இடத்தில் அறவிடும் முறை வசதி விதிக்கு நன்கு பொருந்துகின்றது. கையில் காசு இருக்கும் வேளையில், வாங்கும் பொருளுடன் சேர்த்துச் செலுத்திவிடலாம். நிச்சயத்தன்மையும் உண்டு, பற்றுச்சீட்டில் தொகை தெரியும். சமத்துவ விதிக்கு வரும்போதுதான் நின்று யோசிக்க வேண்டியுள்ளது.

கடைக்காரரின் ஏட்டில்

அதற்கு முன்னர் கணக்கீட்டுப் பக்கத்தை ஒருமுறை பார்த்துவிடுவோம். டெக்சாசில் ஒரு கடைக்காரர் 10 டொலர் அட்டைகள் 1,000 ஐக் காசுக்கு விற்றார் எனக் கொள்வோம். ஏனைய வரிகளை இங்கு கவனத்திற் கொள்ளவில்லை. அட்டை விலை 10,000 டொலர். 2% கட்டணம் 200 டொலர். பெற்ற காசு 10,200 டொலர். இந்த 10,200 முழுவதையும் விற்பனைக் கணக்கில் எழுதலாமா? கூடாது. மாணவர் அதிகம் பிழைவிடும் இடம் இது.

காசுக் கணக்கு வரவு 10,200
விற்பனைக் கணக்கு செலவு 10,000
செலுத்த வேண்டிய மேலதிகக் கட்டணக் கணக்கு செலவு 200

200 டொலர் கடைக்காரரின் வருமானமன்று. அது அரசுக்கு அவர் கொடுக்க வேண்டிய பொறுப்பு. ஐந்தொகையில் நடைமுறைப் பொறுப்பாகக் காட்டப்படும். சேகரிக்கும் வேலைக்காகக் கட்டணத்தின் 2 சதவீதத்தை விற்பனையாளர் தம்மிடம் வைத்துக்கொள்ள டெக்சாஸ் சட்டம் இடமளிக்கின்றது. 200 இல் 2% ஆகிய 4 டொலர் மட்டும் அவருக்கு ஏனைய வருமானமாகும். மீதி 196 டொலர் அரசுக்குச் செல்லும். ஆயிரம் அட்டைக்கு நான்கு டொலர் என்றால் சிறிய கடைக்காரருக்கு அது தாள், பேனைச் செலவுக்கும் போதுமோ என்னவோ!

இங்கு வரியைச் செலுத்துபவர் கடைக்காரர். சுமையைத் தாங்கியவர் அட்டையை வாங்கியவர். வினாத்தாளில் கேட்கப்படும் வேறுபாடு இந்த மூன்று வரிப் பதிவிலேயே அடங்கியுள்ளது.

சதவீதமா, நிலையான தொகையா?

எல்லா மாநிலங்களும் டெக்சாசைப் போலச் சதவீதத்தைத் தெரிவுசெய்யவில்லை. டென்னசி மாநிலம் ஒவ்வொரு விற்பனைக்கும் ஒரு நிலையான தொகையை விதித்தது. 2015 இல் அது 1.16 டொலர், 2021 ஜனவரியில் 1.50 டொலராக உயர்த்தப்பட்டது. பிற்கொடுப்பனவு வாடிக்கையாளரும் அதே 1.50 டொலரையே செலுத்தினார். ஆனால் மாதத்திற்கு ஒரு முறை. மேலோட்டமாகப் பார்த்தால் இருவருக்கும் ஒரே கட்டணம். கணக்கைச் செய்து பாருங்கள்.

ஒருவர் மாதத் தொடக்கத்தில் 40 டொலருக்கு ஒரே தடவையில் நிரப்புகின்றார். அவருடைய கட்டணம் 1.50 டொலர், அதாவது 3.75%. இன்னொருவர் நாட்கூலி பெறுபவர். அவரிடம் ஒரே நேரத்தில் 40 டொலர் இருப்பதில்லை. வாரம் ஒரு முறை 10 டொலர் அட்டையாக நான்கு வாங்குகின்றார். அவருடைய கட்டணம் 1.50 × 4 = 6 டொலர், அதாவது 15%. இருவரும் பேசிய பெறுமதி ஒன்றே. 911 இலிருந்து பெறக்கூடிய உதவியும் ஒன்றே. சிறுகச் சிறுக வாங்கியவர் நான்கு மடங்கு செலுத்தியுள்ளார்.

இதே இருவரும் டெக்சாசில் இருந்தால்? 40 டொலரில் 2% 80 சதம். நான்கு 10 டொலர் அட்டைகளுக்கும் 20 × 4 = 80 சதம். வேறுபாடு இல்லை. மாதம் 25 டொலருக்கு நிரப்புபவர் 50 சதம் செலுத்துவார். இது பிற்கொடுப்பனவு வாடிக்கையாளரின் மாதக் கட்டணத்திற்குச் சமம். அதற்குக் குறைவாகப் பேசுபவருக்குக் கட்டணமும் குறையும்.

கொள்வனவுத் தொகை கூடினாலும் குறைந்தாலும் ஒரே சதவீதம் அறவிடப்படுமாயின் அது அத்தொகையுடன் விகிதசமமானது. தொகை குறையக் குறையச் சுமையின் சதவீதம் கூடுமாயின் அது தேய்வீதத் தன்மையுடையது. டென்னசியின் முறை இரண்டாவது வகை. ஆனால் ஒன்றைக் குறித்துக்கொள்க: டெக்சாசின் 2 சதவீதமும் வருமானத்துடன் ஒப்பிடும்போது தேய்வீதமாகவே அமையலாம். மாதம் 1,000 டொலர் உழைப்பவரும் 5,000 டொலர் உழைப்பவரும் 40 டொலருக்கே பேசினால் இருவரும் 80 சதமே செலுத்துவர். ஏழைக்கு அது தன் வருமானத்தில் ஐந்து மடங்கு பெரிய பங்கு. ஆகவே "எதனுடன் ஒப்பிடும்போது" என்பதை எழுதாமல் தேய்வீதம் என்று மட்டும் எழுதினால் விடை முழுமையடையாது.

நிலையான தொகைக்கு ஆதரவாகவும் ஒரு நியாயம் உண்டு. அழைப்பு நிலையத்தின் செலவு நீங்கள் எவ்வளவு பேசுகின்றீர்கள் என்பதில் தங்கியிருப்பதில்லை. வருவாயை முற்கூட்டியே மதிப்பிடவும் இலகு. எனினும் மாதத்திற்கு ஒரு முறை என்பதும் கொள்வனவு ஒன்றுக்கு ஒரு முறை என்பதும் சமமல்ல. என் கருத்தில் டென்னசியின் முறை இவ்விடத்திலேயே சறுக்குகின்றது.

கலிபோர்னியாவின் அனுபவம்

கலிபோர்னியா 2014 இல் சட்டம் இயற்றி 2016 ஜனவரி 1 முதல் விற்பனை இடத்தில் அறவிடத் தொடங்கியது. அவ்வாண்டு மாநில வீதம் 9.26%. இதில் 911 சேவைக்குரியது 0.75% மட்டுமே. எஞ்சிய 8.51% குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான சலுகைத் தொலைபேசி, செவிப்புலன் குறைந்தோருக்கான கருவிகள், செலவு கூடிய கிராமப்புறச் சேவை, பாடசாலைகளுக்கும் நூலகங்களுக்குமான கழிவு போன்றவற்றுக்கு உரியது. சில நகரங்கள் தமது வரியையும் இதற்கு மேல் சேர்த்தன. 20 டொலர் அட்டைக்கு மாநிலக் கட்டணம் மட்டும் ஏறத்தாழ 1.85 டொலர். அதில் 911 இன் பங்கு 15 சதம்.

இதனை எதிர்த்து மெட்ரோபிசிஎஸ் நிறுவனம் வழக்குத் தொடுத்தது. இத்தகைய நிதிகளுக்காக ஒரு மாநிலம் தன் எல்லைக்குள் நடைபெறும் சேவையின் வருவாய் மீதே கட்டணம் விதிக்கலாம். அட்டை விற்கப்படும்போது அதைக் கொண்டு உள்ளூருக்குப் பேசுவாரா, வேறு மாநிலத்துக்குப் பேசுவாரா என்பது யாருக்குத் தெரியும்? 2018 நவம்பரில் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. 2019 தொடக்கத்தில் மாநில மேலதிகக் கட்டண அறவீடு நிறுத்தப்பட்டது. 2020 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. இதற்கிடையில் 911 கட்டணத்தைக் கலிபோர்னியா 2020 ஜனவரி முதல் சதவீதத்திலிருந்து நிலையான தொகைக்கு மாற்றிவிட்டது: இணைப்பு ஒன்றுக்கு மாதம் 30 சதம், முற்கொடுப்பனவுக் கொள்வனவு ஒன்றுக்கு 30 சதம். முன்னைய 0.75 சதவீதத்துடன் ஒப்பிட்டால் 40 டொலருக்கு மேல் வாங்குபவருக்கு இது இலாபம். அதற்குக் குறைவாக வாங்குபவருக்கு நட்டம்.

சேகரித்த பணம் எங்கே போகின்றது?

ஒரு குறித்த நோக்கத்திற்காக மட்டும் அறவிடப்பட்டு அந்நோக்கத்திற்கே செலவிடப்படும் தொகையைக் குறித்தொதுக்கிய அறவீடு எனலாம். 911 கட்டணம் இவ்வகையானது. ஆயினும் சில மாநிலங்கள் இப்பணத்தை வேறு செலவுகளுக்குத் திருப்பின. 2008 இல் இயற்றப்பட்ட சட்டமொன்றின்படி கூட்டாட்சித் தொடர்பாடல் ஆணைக்குழு இதுபற்றி ஆண்டுதோறும் காங்கிரசுக்கு அறிக்கை சமர்ப்பிக்க வேண்டும். நியூ யோர்க், நியூ ஜேர்சி ஆகியவற்றின் பெயர்கள் அவ்வறிக்கைகளிற் பலமுறை இடம்பெற்றுள்ளன.

இலங்கையில் 2011 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தொலைத்தொடர்புச் சேவைகள் மீது 20% அறவீடு விதிக்கப்பட்டது. 2014 இல் அது 25% ஆக உயர்ந்தது. 2019 டிசம்பரில் 11.25% ஆகக் குறைக்கப்பட்டது. இங்கு அறவீட்டைச் செலுத்துவது சேவை நிறுவனம். ரீலோட் போடும் கடைக்காரருக்கு அதில் வேலையில்லை. பணமும் 119 க்கென ஒதுக்கப்படாமல் அரசின் பொது வருவாயுடன் சேர்கின்றது. இரு நாட்டு முறைகளையும் ஒப்பிடும் வினா வந்தால் இவ்விரு வேறுபாடுகளையும் முதலில் எழுதுக.

பயிற்சி வினாக்கள்

1. டெக்சாசில் கடையொன்று 25 டொலர் அட்டைகள் 400 ஐக் காசுக்கு விற்றது. மேலதிகக் கட்டணம் 2%. விற்பனையின்போதும் கட்டணத்தை அரசுக்கு அனுப்பும்போதும் செய்ய வேண்டிய நாட்குறிப்புப் பதிவுகளைத் தருக.

2. டென்னசியில் 2021 இல் ஒருவர் ஒரு மாதத்தில் 15 டொலர் அட்டைகள் மூன்று வாங்கினார். அவர் செலுத்திய மொத்தக் கட்டணம் யாது? அது அட்டைகளின் பெறுமதியில் எத்தனை சதவீதம்? அதே தொகைக்கு ஒரே தடவையில் நிரப்பியிருந்தால் அவருக்கு மீதமாகியிருக்கும் தொகையைக் காண்க.

3. "விற்பனை இடத்தில் அறவிடும் முறை வசதி விதிக்குப் பொருந்துகின்றது; சமத்துவ விதிக்கு எப்போதும் பொருந்துவதில்லை." உதாரணங் காட்டி விளக்குக.

(குறிப்பு: முதலாம் வினாவில் அரசுக்கு அனுப்பும் தொகை 196 டொலர். 200 என விடை வந்தவர்கள் "கடைக்காரரின் ஏட்டில்" என்னும் பகுதியை மீண்டும் வாசிக்க. இரண்டாம் வினாவின் விடைகள்: 4.50 டொலர், 10%, 3 டொலர்.)