தோட்டத்துச் சிற்றுயிர்களும் அணுவிரதமும்

இல்லறத்தார் ஏற்கும் அகிம்சை அணுவிரதத்திற்கு ஐந்து அதிசாரங்கள் உண்டெனத் தத்துவார்த்த சூத்திரம் வகுக்கும். கட்டி வைத்தல், அடித்தல், உறுப்பை அறுத்தல், அளவுக்கு மீறிய சுமை ஏற்றல், உணவும் நீரும் மறுத்தல் என்பன அவை. வண்டி மாட்டுக்கும் ஏர் மாட்டுக்கும் உரியனவாகவே நாம் இவற்றைப் பாடம் கேட்டோம். மாடு பூட்டாத இந்நாளில் இவ்வைந்தும் எங்கே பொருந்தும் என வினவுவோர், தத்தம் தோட்டத்தில் கால் மணி நேரம் அமர்ந்து நோக்குவார்களாக.

பேட்டையில் நம் வீட்டின் பின்புறம் ஒரு கொய்யா, ஒரு முருங்கை, சில செம்பருத்திகள் உள்ளன. காலையில் தவிட்டுக்குருவிகள் கூட்டமாக வந்து சருகைக் கிளறும். முருங்கைப் பூவைத் தேன்சிட்டு நாடும். வேலியோரம் செம்போத்து நடந்து செல்லும். சில ஆண்டுகளுக்கு முன் கொய்யாக் கிளைகள் மதிலைத் தாண்டின என்று வெட்டச் சொன்னோம். வெட்டிய பின்னரே, இரண்டு இலைகளை நாரினால் தைத்த தையற்சிட்டின் கூடு கண்ணில் பட்டது. முட்டைகள் மூன்றும் உடைந்திருந்தன. தாய் மறுநாளும் அவ்விடத்தையே சுற்றிவந்து கத்தியது. ஆசிரியப் பயிற்சிக் காலத்தில் இயற்கைப் பாடக் குறிப்பேட்டில் அதே கூட்டை வரைந்து மதிப்பெண் பெற்றவர் நாம்! அம்முட்டை பொரிய ஏறத்தாழ 12 நாள்கள். குஞ்சு பறக்க மேலும் 14 நாள்கள். ஒரு மாதம்கூடப் பொறுக்க வேண்டியிருக்கவில்லை.

கிளை வெட்டுதல் இல்லறத் தொழிலில் நேரும் ஆரம்ப இம்சை என்று அமைதி கூறலாம். பாராமல் வெட்டியதற்கு அவ்வமைதி செல்லாது. செடிக்கு நஞ்சு தெளிப்பதோ, இயங்குயிரைக் கொல்லும் எண்ணத்துடனேயே செய்வது. அதனைச் சங்கற்ப இம்சை என்றே நாம் கருதுகிறோம். அதில் ஐந்தாம் அதிசாரமும் அடங்கும். தானியம் தின்னும் சிட்டுக்குருவியும் தன் குஞ்சுக்குப் புழு பூச்சிகளையே ஊட்டும். முற்றத்தில் தினை இறைத்துவிட்டுச் செடிக்கு நஞ்சு தெளித்தால் குஞ்சு என்ன உண்ணும்?

புழுவைத் தின்னும் பறவையைப் பேணுதல் இம்சைக்குத் துணையாகாதா என்று சிலர் கேட்பர். நாம் புழுவைப் பிடித்துக் கொடுப்பதுமில்லை. பறவையின் வாயிலிருந்து பறிப்பதுமில்லை. எண்ணமும் செயலும் நம்முடையன அல்லாதபோது அவ்வினை நம்மைச் சாராது. கிளியைக் கூண்டில் அடைத்துப் பழம் ஊட்டுவதோ முதல் அதிசாரமே. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும் நம் நாட்டுக் கிளிகளை அடைத்து வளர்ப்பதைத் தடுக்கிறது.

நம் மாவட்டத்துக் கூந்தன்குளத்தார் சமணர் அல்லர். எனினும் வீட்டுக் கொல்லை மரங்களில் மஞ்சள் மூக்கு நாரைகளைக் கூடு கட்டவிட்டு, அவை வெருளாதிருக்கத் தீபாவளியிலும் வெடி தவிர்ப்பவர்கள். 1994இல் அவ்வூர் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்படுவதற்கு முன்னரே இவ்வொழுக்கம் அங்கு இருந்தது.

2015 முதல் தமிழகத்தில் பொங்கல் நாள்களில் பறவைக் கணக்கெடுப்பு நடைபெறுகிறது. 15 நிமிடம் ஓரிடத்தில் நின்று, கண்ட பறவைகளையும் எண்ணிக்கையையும் குறித்தால் போதும்; வீட்டுத் தோட்டமும் ஏற்கப்படும். பிள்ளைகளிடம் ஒரு குறிப்பேடு கொடுங்கள். நாள், நேரம், பறவை, அது செய்த செயல் ஆகியவற்றை எழுதட்டும். கூட்டை மட்டும் கையால் விலக்கிப் பார்க்க வேண்டா. காகம் நம்மைக் கவனித்துக்கொண்டிருக்கும்.