கோட் திறந்திருக்கு, யார் படிக்கிறாங்க?

இந்த முறை நம் பாடம் கணினியைப் பற்றியது.

"ஓபன் சோர்ஸ்னா பாதுகாப்பு. கோட் எல்லார் கண்ணுக்கும் தெரியுது, தப்பு இருந்தா யாராவது பார்த்திருப்பாங்க." இப்படிப் பலர் சொல்லிக் கேட்டிருப்பீங்க. இதில் பாதிதான் உண்மை. மீதியை ஓர் உண்மைச் சம்பவத்தை வைத்துப் பார்ப்போம்.

ஒரே ஒரு கிளிக்

2023 அக்டோபரில் கிட்ஹப் செக்யூரிட்டி லேப் ஆய்வாளர் கெவின் பேக்ஹவுஸ், லிப்க்யூ என்ற சின்ன ஓபன் சோர்ஸ் லைப்ரரியில் இருந்த ஓட்டையை அறிவித்தார். அதன் பதிவு எண் சிவிஇ-2023-43641. லிப்க்யூவின் வேலை ரொம்பச் சாதாரணம். ஒரு சிடியில் எந்தப் பாட்டு எங்கே தொடங்குது என்று குறித்து வைத்திருக்கும் 'க்யூ' கோப்பைப் படிக்கும், அவ்வளவுதான்.

"நான் சிடியே கேட்பதில்லை, எனக்கென்ன?" என்று கேட்கலாம். உபுண்டு, ஃபெடோரா இரண்டிலும் வழக்கமாக வருவது க்னோம் டெஸ்க்டாப். அதில் அப்போது டிராக்கர் மைனர்ஸ் என்ற நிரல், தேடலுக்கு வசதியாக டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் விழும் கோப்புகளைத் தானாகவே படித்துக் குறிப்பெடுத்தது. க்யூ கோப்பு வந்தால் லிப்க்யூவைக் கூப்பிட்டது. அதனால் ஒரு கெட்ட லிங்கைக் கிளிக் செய்து கோப்பு இறங்கினாலே போதுமாக இருந்தது, நீங்க அதைத் திறக்கவே வேண்டியதில்லை. எதிராளியின் கோட் உங்க கணினியில் ஓடியிருக்கும். உபுண்டு 23.04, ஃபெடோரா 38 இரண்டிலும் அவர் இதைச் செய்தே காட்டினார்.

தப்பு எங்கே?

புரோகிராமிங் படிக்கிறவங்களுக்கு இது சுலபமாப் புரியும். கோப்பில் வரும் எண்ணை வைத்து, நினைவகத்தில் வரிசையாக உள்ள அறைகளில் ஒன்றில் மதிப்பை எழுத வேண்டும். "எண் வரம்புக்கு மேல் போகுதா?" என்று கோட் சரிபார்த்தது. "பூஜ்யத்துக்குக் கீழே போகுதா?" என்று கேட்கவில்லை.

மோட்டார்சைக்கிள் மீட்டர் கடைசி எண்ணைத் தாண்டினால் திரும்பவும் பூஜ்யத்துக்கு வந்துவிடும் இல்லையா? 32 பிட் எண்ணும் அப்படித்தான். கொள்ளாத அளவுக்குப் பெரிய எண்ணைக் கொடுத்தால், சுற்றி வந்து நெகட்டிவ் எண்ணாக மாறிவிடலாம். அப்போது அந்த மதிப்பு வரிசைக்கு முன்னால் இருக்கும் வேறொரு இடத்தில் போய் எழுதப்படும். எதிராளிக்கு அது போதும். இதைச் சரிசெய்ய ஒரு சின்ன நிபந்தனை போதுமாக இருந்தது.

பாதி உண்மை, மீதி நம் கையில்

கோட் திறந்திருந்ததால்தான் வெளியாள் ஒருவர் அதைப் படித்து, தப்பைக் கண்டுபிடிக்க முடிந்தது. இது ஓபன் சோர்ஸின் பலம். ஆனால் திறந்திருப்பது வேறு, படிப்பது வேறு. லினக்ஸில் பரவலாக உள்ள பிகேஎக்ஸெக் என்ற நிரலில், 2009இல் நுழைந்த ஓட்டை 2022 ஜனவரியில்தான் வெளியே வந்தது. குவாலிஸ் நிறுவனத்தார் கண்டுபிடிக்கும் வரை, 12 வருடத்துக்கு மேல் எல்லார் கண்முன்னாலும் இருந்தது.

ஓட்டையை அடைத்த புதிய பதிப்பு வந்தாலும், அதை நாம் போடாத வரை நம் கணினியில் ஓட்டை அப்படியேதான் இருக்கும். உங்க மன்றத்தில் ஒரு பழைய லேப்டாப் இருக்கலாம். நன்கொடையாளர் பெயர், கைப்பேசி எண், முகாமுக்கு வந்த பிள்ளைகளின் விவரம் எல்லாம் அதில்தான் இருக்கும். நம்மை நம்பித் தந்த விவரத்தைக் காப்பதும் தொண்டுதானே?

செய்ய வேண்டியவை:

1. உபுண்டு என்றால் எல்டிஎஸ் பதிப்பையே போடுங்க. அதற்கு 5 வருடம் பாதுகாப்புத் திருத்தம் கிடைக்கும். இடைப்பட்ட பதிப்புகளுக்கு 9 மாதம் மட்டுமே.
2. விண்டோஸில் விஎல்சி, லிப்ரெஆபிஸ் இரண்டுக்கும் 'ஹெல்ப்' மெனுவில் அப்டேட் பார்க்கலாம். செவன்-ஜிப் தானாகப் புதுப்பித்துக்கொள்ளாது, நாமேதான் புதியதை இறக்க வேண்டும்.
3. பயன்படுத்தாத மென்பொருளை நீக்கிவிடுங்க.
4. மாதம் ஒரு நாள் இதையெல்லாம் பார்க்க மன்றத்தில் ஒருவரைப் பொறுப்பாக்குங்க.

கலந்துரையாட:

• உங்க மன்றக் கணினியில் யாருடைய விவரங்கள் இருக்கின்றன?
• அதைக் கடைசியாகப் புதுப்பித்தது யார், எப்போது?

இரண்டாவது கேள்விக்குப் பதில் தெரியலைன்னா, அடுத்த கூட்டத்திலேயே அந்த லேப்டாப்பைத் திறந்து வேலையை ஆரம்பிங்க.