சாலை வண்டியும் சரளை வண்டியும்

தோற்றுவாய்

நம் கல்லூரி மாணவரிடையே சைக்கிளைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம், "எது வேகமானது?" என்னும் வினாவே முதலில் எழுகின்றது. இக்காலத்து விற்பனைக்கு வரும் நல்ல வண்டிகளுள் இருவகை மாணவர் மனத்தைப் பெரிதும் கவர்வன. ஒன்று, 'ரோட் பைக்' என வழங்கும் சாலை வண்டி. மற்றொன்று, 'கிராவல் பைக்' என வழங்கும் சரளை வண்டி. பார்வைக்கு இரண்டும் உடன்பிறந்தார் போலவே தோன்றும். ஆட்டுக்கடாவின் கொம்புபோல் கீழ்நோக்கி வளைந்த ஹேண்டில்பார் இரண்டிற்கும் உண்டு. ஆயினும் விலை கொடுத்து வாங்குவோன் இவற்றின் வேற்றுமையை அறியாது வாங்குவானாயின், பின்னர் வருந்த நேரிடும். ஒரு மாணவன் படிக்குங் காலத்தில் இத்தகைய வண்டி இரண்டினை வாங்குதல் அரிது. பெற்றோர் பொருளைக் கொண்டு ஒன்றே வாங்குவான். ஆதலின் இவ்விஷயத்தைச் சற்று நிதானமாக ஆராய்தல் நலம்.

"எது வேகமானது?" என்னும் வினா எளியது போலத் தோன்றினும், "எவ்வழியில்?" என்று உடன் வினவினாலன்றி அதற்கு விடை கூறுதல் இயலாது. கொங்கு நாட்டில் இருப்போர்க்கு இது தெற்றென விளங்கும். கோயம்புத்தூரிலிருந்து பொள்ளாச்சிக்கும், அவிநாசிக்கும், மேட்டுப்பாளையத்திற்கும் செல்லும் பெருஞ்சாலைகள் தாரிட்டுச் சமனாக்கப்பட்டவை. அச்சாலையைவிட்டு ஒரு பர்லாங்கு உள்ளே திரும்பின், கிளுவை வேலிகளுக்கிடையே செல்லும் இட்டேரி எதிர்ப்படும். பல இட்டேரிகள் இன்று தார் பூண்டுவிட்டன. எனினும் செம்மண்ணும் சரளையுமாகவே கிடப்பனவும் உள. கீழ்பவானி வாய்க்கால் பவானிசாகர் அணையினின்று புறப்பட்டுச் சுமார் 200 கிலோமீட்டர் தூரம் ஓடுகின்றது. அதன் கரைவழியும் பல இடங்களில் மண்பாதையே. இவற்றிற்கு மேல், ஆழியாற்றினின்று வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டையூசி வளைவுகளும், திம்பத்திற்கு ஏறும் 27 வளைவுகளும் நம் பக்கத்திலேயே உள்ளன. சமவெளித் தார்ச்சாலை, மலைச்சாலை, சரளைப்பாதை என்னும் மூன்றும் ஒரு நாட்பிரயாணத்திற்குள் அடங்கிய நாடு இது.

வரலாறு

1885-ஆம் ஆண்டில் ஸ்டார்லி என்னும் ஆங்கிலேயர் ஏறத்தாழச் சம அளவுள்ள இரு சக்கரங்களும் செயினும் உடைய 'ரோவர்' வண்டியை இயற்றினார். 1888-இல் பெல்பாஸ்டு நகரில் வாழ்ந்த டன்லப் என்பார் காற்றடைத்த டயரை அதற்குத் துணையாக்கினார். அந்நாளில் ஐரோப்பியச் சாலைகளிற் பெரும்பாலன கல்லும் புழுதியுமே. 1903-இல் தொடங்கிய பிரான்சு நாட்டுச் சுற்றுப் பந்தயத்தில் முதன்முதல் ஓடியவர்கள் இன்றைய பொருளிற் சரளைப்பாதையிலேயே ஓடினர். சாலைகள் வழவழப்பாக ஆக, பந்தய வண்டிகளின் டயர்களும் ஒடுங்கின. இங்ஙனம் தோன்றியதே சாலை வண்டி.

நம் நாட்டிலோ ஒடுங்கிய டயர் பொதுவழக்காகவில்லை. 1949-இல் சென்னையில் நிறுவப்பெற்ற டி.ஐ. சைக்கிள்ஸ் கம்பெனியார் செய்த ஹெர்குலிஸ் வண்டியையும் அதன் இனத்தனவாகிய கறுப்பு வண்டிகளையும் அறியாதார் இலர். அவற்றின் டயர் 28 அங்குல விட்டமும் 1½ அங்குல அகலமும் உடையது. ஒன்றரை அங்குலமாவது 38 மில்லிமீட்டர். இன்று சரளை வண்டிக்கு இடும் டயரின் அகலமும் ஏறக்குறைய இதுவே! நம் பாட்டனார் இட்டேரியில் பருத்தி மூட்டையோடு ஓட்டிச் சென்ற வண்டியின் டயர், பாதைக்கேற்ற டயராகவே இருந்தது என்பது இதனாற் பெறப்படும். அவ்வண்டியின் குறை அதன் டயரில் இல்லை. ஏறக்குறைய 20 கிலோ எடையிலும், கியர் இன்மையிலும், மழையிற் பிடியாத கம்பி பிரேக்கிலுமே இருந்தது.

சரளை வண்டி என்னும் பெயர் பரவியது இந்நூற்றாண்டில். அமெரிக்காவில் கான்சாஸ் மாகாணத்து எம்போரியா நகரில் 200 மைல் சரளைப் பந்தயம் 2006-இல் தொடங்கிற்று. 2022-இல் இத்தாலி நாட்டு வெனெட்டோ பகுதியில் முதல் உலகச் சரளைப் போட்டி நடைபெற்றது. பழைய அகன்ற டயரும் புதிய இலகுவான பிரேமும் ஒன்றுபட்டதே இவ்வண்டி எனின் பெரும்பாலும் பொருந்தும்.

அமைப்பு வேற்றுமை

இரு வண்டிகளின் உறுப்புக்களை ஒவ்வொன்றாக ஒப்பிடுவோம்.

முதலாவது டயர். சாலை வண்டிக்கு 25 முதல் 32 மில்லிமீட்டர் வரை அகலம்; சரளை வண்டிக்கு 38 முதல் 50 வரை. பின்சக்கரத்தின்மீது 100 பவுண்டுப் பாரம் அமர்வதாகக் கொள்வோம். சாலை டயரில் சதுர அங்குலத்திற்கு 85 பவுண்டு காற்றழுத்தம் இருப்பின், அது தரையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ 1.2 சதுர அங்குலம். சரளை டயரில் 35 பவுண்டு அழுத்தமே இருப்பின், தொடும் பரப்பு ஏறத்தாழ 2.9 சதுர அங்குலம். பரப்பு மிக்க டயர் மண்ணிற் புதையாது. சிறு கல்லை ஏறிக் குதிக்காமல் தன்னுள் ஏற்று அமிழ்த்திக்கொண்டு செல்லும்.

இரண்டாவது பிரேம். சாலை வண்டியில் இரு சக்கர அச்சுக்களுக்கும் இடையே உள்ள தூரம் 970 முதல் 1000 மில்லிமீட்டர். சரளை வண்டியில் 1010 முதல் 1060 வரை. முன்சக்கரத்தைத் தாங்கும் கவை சாலை வண்டியில் 73 பாகை அளவில் நிமிர்ந்து நிற்கும். சரளை வண்டியில் 70 முதல் 72 பாகை வரை சாய்ந்திருக்கும். இச்சிறு வேற்றுமையின் பயன் பெரிது. நிமிர்ந்த கவை கைக்குறிப்பறிந்து உடனே திரும்பும். சாய்ந்த கவை சற்றே தாமதித்துத் திரும்பும், ஆயினும் பொடிக்கல்லில் சறுக்காது நேர்வழி நிற்கும்.

மூன்றாவது கியர். சாலை வண்டியில் முன்னே 50, 34 பற்கள் கொண்ட இரு சக்கரங்களும், பின்னே 11 முதல் 30 வரை பற்களும் இருத்தல் பெருவழக்கு. சரளை வண்டியில் முன்னே 40 பற்கள் கொண்ட ஒரே சக்கரமும், பின்னே 10 முதல் 44 வரை பற்களும் அமைவதுண்டு. மிகத் தாழ்ந்த கியரில் பெடலை ஒரு முறை சுற்றினால் சாலை வண்டி 2.4 மீட்டர் செல்லும். சரளை வண்டி 2 மீட்டரே செல்லும். செல்லும் தூரம் குறையக் குறைய முழங்காலின் வருத்தமும் குறையும்.

நான்காவது பிரேக்கு. சரளை வண்டி அனைத்திலும் பெரும்பாலும் தட்டு பிரேக்கே உண்டு. சாலை வண்டியில் ரிம்மைப் பிடிக்கும் பழைய வகையும், தட்டு வகையும் ஆக இரண்டும் காணப்படும்.

வேகத்தின் கணக்கு

இனி வேகத்திற்கு வருவோம். சமவெளியில் ஓட்டுவோன் இரு தடைகளை வெல்லவேண்டும். டயர் நசுங்கி உருள்வதாலாகும் உருளுந்தடை ஒன்று. காற்றின் தடை மற்றொன்று. வேகம் இரட்டித்தால் காற்றின் எதிர்விசை நான்கு மடங்காகும். அதனை வெல்லச் செலவிடும் திறன் எட்டு மடங்காகும்.

65 கிலோ எடையுள்ள மாணவன் ஒருவன் 150 வாட் திறனோடு, அதாவது ஒரு குதிரைத் திறனில் ஐந்தில் ஒரு பங்கோடு, காற்றில்லாத காலையில் நல்ல தார்ச்சாலையில் மிதிப்பதாகக் கொள்வோம். வழக்கமாகக் கொள்ளும் தடை அளவுகளையும், கோயம்புத்தூரின் உயரத்திற்கேற்ற காற்றின் அடர்த்தியையும் இட்டுக் கணக்கிட்டால், சாலை வண்டியில் மணிக்கு 31.4 கிலோமீட்டரும், சரளை வண்டியில் 29.5 கிலோமீட்டரும் வருகின்றன. 40 கிலோமீட்டர் செல்ல முன்னதற்கு 76 நிமிடம். பின்னதற்கு 81 நிமிடம். வேற்றுமை ஐந்தே நிமிடம்.

இவ்வைந்து நிமிடமும் எங்கே போயின என்று பார்த்தலே இவ்வாராய்ச்சியின் உயிர்நிலை. சரளை வண்டியில் ஓட்டுவோன் நிமிர்ந்து அமர்கின்றான். அவன் முழங்கையை மடக்கிச் சாலை வண்டியிற்போலவே குனிந்தால், வேகம் 30.3 ஆகின்றது. பின்னும் அவ்வண்டியிலேயே சாலை டயரை மாட்டினால் 31.3 ஆகின்றது. எஞ்சிய வேற்றுமை ஒரு கிலோமீட்டரிற் பத்தில் ஒரு பங்கே! எனவே, சமவெளியில் இவ்விரு வண்டிகளையும் பிரிப்பது பிரேமன்று. டயரும் உடம்பின் அமர்வுமே. இரும்பையும் கார்பனையும் பார்த்து விலைபேசுவோர் இதனை மனத்திற் கொள்வாராக.

ஆனி, ஆடி மாதங்களிற் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் மேல்காற்று நாம் அனைவரும் அறிந்ததே. மணிக்கு 15 கிலோமீட்டர் எதிர்காற்றில் வாளையாறு நோக்கிச் செல்வோனுக்கு, அதே உழைப்பில், சாலை வண்டியில் 23 கிலோமீட்டரும் சரளை வண்டியில் 21½ கிலோமீட்டருமே கிட்டும். வண்டியை மாற்றுவதால் ஒன்றரைக் கிலோமீட்டர் கூடும்; காற்றில்லாத விடியற்காலையிற் புறப்படுவதால் எட்டுக் கிலோமீட்டர் கூடும்!

மலைப்பாதை

மேட்டுப்பாளையத்தினின்று கோத்தகிரி சுமார் 33 கிலோமீட்டர். ஏறவேண்டிய உயரம் சுமார் 1,450 மீட்டர். நூற்றுக்கு ஐந்து வீதம் உயரும் ஏற்றத்தில் நம் மாணவன் சாலை வண்டியில் 12.6 கிலோமீட்டர் வேகத்திலும், இரண்டு கிலோ எடை மிக்க சரளை வண்டியில் 12 கிலோமீட்டர் வேகத்திலும் ஏறுவான். நூற்றுக்குப் பத்து வீதமாக ஏற்றம் செங்குத்தாயின், சாலை வண்டியில் நிமிடத்திற்கு 48 சுற்றுத்தான் மிதிக்க முடியும். சரளை வண்டியின் தாழ்ந்த கியரில் 55 சுற்று மிதிக்கலாம். வேகத்தில் சிறிது இழப்பினும் காலுக்கு நயம்.

ஏறுவதினும் இறங்குவதே கவனத்திற்குரியது. கோத்தகிரியினின்று இறங்கும்போது வண்டியும் ஆளும் இழக்கும் ஆற்றல், மூன்று லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. அதில் ஒரு பங்கைக் காற்றுத் தடை உண்டுவிடும். மிகுதியிற் பெரும்பகுதியைப் பிரேக்கு ஏற்கவேண்டும். ரிம் பிரேக்கில் அவ்வெப்பம் டயரை அடுத்துள்ள ரிம்மிலேயே ஏறுகின்றது. இடைவிடாது பிடித்துக்கொண்டே இறங்குவோர்க்கு டியூப் வெடித்தலும் உண்டு. மூடுபனியில் ரிம் நனைந்தாற் பிடியும் தளரும். தட்டு பிரேக்கில் வெப்பம் டயரை அணுகாது. மழையிலும் பிடி மிகக் குறையாது. ஆதலின், மலையை அடிக்கடி நாடும் மாணவன் எவ்வகை வண்டி வாங்கினும், தட்டு பிரேக்கு உள்ளதையே வாங்குதல் வேண்டும். வேகம் என்பது விரைந்து போதல் மாத்திரமன்று. நின்ற இடத்தில் நிற்றலும் அதனுள் அடங்கும்.

இட்டேரி

சரளையிற் கணக்கு மாறுகின்றது. மிகுந்த அழுத்தமுள்ள ஒடுங்கிய டயர் ஒவ்வொரு கல்லிலும் வண்டியையும் ஆளையும் மேலே தூக்கி எறிகின்றது. முன்னோக்கிச் செல்லவேண்டிய ஆற்றல் மேலும் கீழும் குலுங்கி, கையிலும் முதுகிலும் களைப்பாக மாறி வீணாகின்றது. குறைந்த அழுத்தமுள்ள அகன்ற டயர் கல்லைத் தான் வாங்கிக்கொண்டு ஆளை அமைதியாக விடுகின்றது. பந்தயக்காரருங்கூட முன்னர் வழங்கிய 23 மில்லிமீட்டர் டயரை விடுத்து 28-ம் அதற்கு மேலும் நாடியதற்கு இதுவே காரணம். தார்ச்சாலையும் நாம் எண்ணும் அளவிற்கு வழவழப்பன்று.

40 கிலோமீட்டர் வழியில் 30 தாரும் 10 சரளையும் இருப்பதாகக் கொள்வோம். தாரில் சாலை வண்டி முந்திப் பெறும் இலாபம் நான்கு நிமிடத்திற்கும் குறைவே. சரளையிற் சரளை வண்டி 20 கிலோமீட்டர் வேகத்திற் செல்ல, சாலை வண்டி 18-க்குக் கீழே தாழ்ந்தால் அவ்விலாபம் அழிந்துவிடும். முள் ஒன்று குத்தினாலோ கேட்கவே வேண்டா. காங்கேயம் பக்கத்துக் கொறங்காடுகளை ஒட்டிச் செல்வோர் வெள்வேல் முள்ளின் கூர்மையை அறிவர். சரளை வண்டிகளில் டியூபின்றி, டயரினுள்ளே பால்போன்ற அடைப்புத் திரவத்தை ஊற்றி ஓட்டும் வழக்கம் பரவியிருப்பது இதற்காகவே. முள் குத்திய சிறு துளையை அத்திரவம் தானே அடைத்துவிடும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவாற்றால், தார்ச்சாலைப் பந்தயமே குறிக்கோளாக உடையோனுக்குச் சாலை வண்டியே தக்கது என்பது பெறப்படும்; பந்தயத்தில் ஐந்து நிமிடம் ஐந்து யுகமாகும். மற்றையோர் ஒன்று கருதல் வேண்டும். சரளை வண்டியின் பிரேமில், ரிம்முக்குப் பொருந்துமாறு 30 அல்லது 32 மில்லிமீட்டர்ச் சாலை டயரை மாட்டலாம். சாலை வண்டியின் ஒடுங்கிய கவையினுள் 40 மில்லிமீட்டர் டயரைப் புகுத்த இயலாது. பெரிதினுட் சிறிது அடங்கும். சிறிதினுட் பெரிது அடங்காது. ஒரு வண்டியே வாங்கக்கூடிய மாணவனுக்கு இதுவே முடிவான நியாயம் என்பது எனது துணிபு.

கடைக்குப் போகுமுன், தான் ஒரு மாதத்திற் செல்லும் வழிகளைத் தாளில் எழுதி, தார் எத்தனை, சரளை எத்தனை, ஏற்றம் எத்தனை எனக் கூட்டிப் பார்ப்பானாக. ஏற்கெனவே வண்டி உடையோர், மிதியாமல் உருளக்கூடிய ஒரே சரிவில், டயரின் அழுத்தத்தை ஐந்தைந்து பவுண்டாகக் குறைத்து, ஒவ்வொரு முறையும் வண்டி எவ்வளவு தூரம் உருளுகின்றது எனக் குறித்துப் பார்ப்பாராக. தாரிலும் சரளையிலும் விடை வெவ்வேறாக வருவதைக் கண்ணாரக் காண்பர். அப்போது, வேகம் வண்டியில் மட்டும் இருப்பதன்று, வண்டிக்கும் வழிக்கும் உள்ள இசைவிலே பிறப்பது என்னும் உண்மை நூலறிவாக நில்லாது அனுபவமாக விளங்கும்.