நட்சத்திர மண்டலங்களை அளந்தவர் யார்?

பள்ளிக்கூடத்திலிருந்து வரும் பிள்ளை, "ஆண்ட்ரமீடா மண்டலம் 25 லட்சம் ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறதாம்" என்று சொல்கிறது. "அங்கே போய் அளந்து வந்தவர் யார்?" என்று வீட்டுப் பெரியவர் கேட்டுவிட, பேச்சு அத்துடன் நின்றுவிடுகிறது. பல வீடுகளில் நடப்பது இது. பெரியவர் கேட்டது நல்ல கேள்வியே. ஒரு செய்தி வந்தால் சொன்னவர் யார், அவருக்குச் சொன்னவர் யார் என்று இஸ்னாதைத் தேடுவது ஹதீஸ்கலை இமாம்கள் நமக்குக் காட்டிய வழி. அது மார்க்க விஷயம், இது படைப்பைப் பற்றிய விஷயம். ஆயினும் விசாரித்து ஏற்கும் பழக்கம் இரண்டுக்கும் வேண்டும். ஆகவே இந்தக் கணக்கின் அறிவிப்பாளர் தொடரை இம்மாதம் பார்ப்போம்.

கண்ணால் காண்பது

இத்தொடரின் முற்பகுதியில் நிற்பவர் அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி என்ற வானியல் அறிஞர். ரய் நகரில் பிறந்து, இஸ்பஹானில் பணியாற்றியவர். கி.பி. 964ஆம் ஆண்டளவில் நிலை நட்சத்திரங்களைப் பற்றி அரபியில் அவர் எழுதிய நூலில், ஒரு 'சிறு மேகத்தை'க் குறித்து வைத்தார். அதுவே இன்று ஆண்ட்ரமீடா எனப்படும் மண்டலம். தூரதரிசினி தோன்றுவதற்கு அறுநூறு ஆண்டுகளுக்கும் முன்பே வெறுங் கண்ணால் கண்டு எழுதியது இது.

அதை நாமும் காணலாம். டிசம்பர் மாதத் தொடக்கத்தில் இஷாத் தொழுதுவிட்டு, இரவு 8 மணியளவில் வெளியே வந்தால், பூரட்டாதி, உத்திரட்டாதி நட்சத்திரங்கள் நான்கும் சேர்ந்து உச்சிக்கு அருகே ஒரு பெரிய சதுரமாகத் தெரியும். அதன் வடகிழக்கு மூலையில் இருப்பது ஆல்ஃபரட்ஸ். குதிரை என்று பொருள்படும் 'அல் ஃபரஸ்' என்ற அரபிச் சொல்லே இப்படித் திரிந்தது. அங்கிருந்து வடகிழக்காகச் சென்றால் வரும் இரண்டாவது நட்சத்திரம் மிராக். மிராக்கிலிருந்து வடக்கே திரும்பினால் மங்கலான இரண்டு நட்சத்திரங்கள். இரண்டாவதன் பக்கத்தில் புகை படிந்தாற்போல் தெரிவதுதான் அந்த மேகம்.

நிலவொளியில் அது தெரியாது. திருவண்ணாமலையில் கார்த்திகைத் தீபம் முழுநிலவை ஒட்டி வருவதால், அதற்கு எட்டுப் பத்து நாள் பொறுக்க வேண்டும். பிறை 22க்கு மேல், மறு மாதம் பிறை 3 வரை ஏற்ற நாட்கள். நகர விளக்குகளை விட்டு விலகி, செங்கம், ஜமுனாமரத்தூர் பக்கத்துக் கிராமங்களில் பார்ப்பது நல்லது.

உருவம்

நால்வர் கூடி உண்ணும் சஹனை நினைத்துக்கொள்ளுங்கள். தட்டையான வட்டம், நடுவில் சோற்றுக் குவியல். நமது சூரியன் அடங்கிய பால்வெளி மண்டலத்தின் உருவமும் ஏறத்தாழ அதுவே. குவியல் சற்று நீளமானது. அதைச் சுற்றி நட்சத்திரங்கள் சுருள் சுருளாகப் படர்ந்திருக்கின்றன. நாம் இருப்பது நடுவுக்கும் விளிம்புக்கும் ஏறக்குறைய மத்தியில்.

சஹனை மேலிருந்து பார்த்தால் முழு வட்டமாகத் தெரியும். 'நீர்ச்சுழி' மண்டலத்தை நாம் அப்படித்தான் காண்கிறோம். அதன் சுருளை 1845இல் அயர்லாந்தின் ராஸ் பிரபு முதலில் கண்டார். கண்மட்டத்தில் வைத்து விளிம்புவாட்டில் பார்த்தால் கோடாகத் தெரியும். 'சோம்ப்ரரோ' மண்டலம் கிட்டத்தட்ட அந்த நிலையில் உள்ளது. ஆண்ட்ரமீடா சாய்வாகத் தெரிகிறது. சுருளில்லாமல் உருண்டையாகவோ முட்டை வடிவாகவோ இருப்பவையும் உண்டு. எம் 87 அத்தகையது. அதன் நடுவிலுள்ள கருந்துளையின் படம் 2019இல் வெளியாயிற்று. உருவமே ஒழுங்கற்றவையும் உள. தென்கோடி வானில் தெரியும் பெரிய மெகல்லன் மேகம் அவ்வகையைச் சேர்ந்தது.

தூரத்தை அளந்த விதம்

நம் அயலார் மலை மீது ஏற்றும் தீபத்தைச் சுற்றுக் கிராமங்களிலும் காண்கிறார்கள். தீபம் ஒன்றே, தூரம் கூடக் கூட ஒளி மங்குகிறது. இரு மடங்கு தூரத்தில் கால் பங்காகும். மூன்று மடங்கில் ஒன்பதில் ஒரு பங்காகும். ஆகவே விளக்கின் உண்மையான ஒளி தெரிந்தால், தெரியும் மங்கலைக் கொண்டே தூரத்தைக் கணக்கிடலாம். மலைக்குப் போக வேண்டியதில்லை.

வானத்தில் அத்தகைய விளக்கைக் கண்டறிந்தவர் ஹென்ரியட்டா லீவிட் என்ற அமெரிக்கப் பெண்மணி. சீரான கால அளவில் ஒளி கூடிக் குறையும் சீஃபீட் என்ற நட்சத்திரங்களில், அந்தக் கால அளவு நீண்டால் உண்மை ஒளியும் அதிகம் என்று 1912இல் அவர் காட்டினார். 1923இல் எட்வின் ஹப்பிள், மவுண்ட் வில்சன் மலையின் 100 அங்குலத் தூரதரிசினியால், அஸ்ஸூஃபி கண்ட அதே மேகத்துக்குள் ஒரு சீஃபீடைக் கண்டுபிடித்தார். கிடைத்த விடை ஏறத்தாழ 9 லட்சம் ஒளியாண்டு. அந்த மேகம் நம் மண்டலத்துக்கு வெளியே உள்ள தனி மண்டலம் என்பது அன்று தெளிவாயிற்று.

ஆனால் சீஃபீடில் இரு வகை உண்டென்று 1952இல் வால்டர் பாடே அறிவித்தார். தூரம் இரு மடங்கிற்கு மேலாயிற்று. பின்னர் வந்த அளவைகளால் இன்றைய கணக்கு 25 லட்சம்.

நமக்கு அருகிலும் இத்தகைய பணி நடக்கிறது. ஜவ்வாது மலையில் 725 மீட்டர் உயரத்திலுள்ள காவலூரில், வேணு பாப்பு தேர்ந்தெடுத்த இடத்தில், 1968இல் வானாய்வு தொடங்கிற்று. அவர் 1982இல் காலமான பின், 1986 ஜனவரி 6ஆம் நாள் 2.34 மீட்டர் தூரதரிசினி அவர் பெயரால் திறந்து வைக்கப்பட்டது. இருட்டில் விரிந்த நம் கண்மணியைப் போல் ஒரு லட்சம் மடங்கு ஒளியை அதன் ஆடி சேர்க்கிறது.

அளவும் தூரமும்

ஒளி ஒரு வினாடியில் 3 லட்சம் கிலோமீட்டர் செல்லும். ஓராண்டில் அது செல்லும் தூரமாகிய ஏறத்தாழ 9.5 லட்சம் கோடி கிலோமீட்டரே ஒளியாண்டு. பால்வெளியின் குறுக்களவு சுமார் 1 லட்சம் ஒளியாண்டு. அதை இரண்டடி சஹனாக வைத்தால், மற்றவை எங்கே இருக்கும்?

பெரிய மெகல்லன் மேகம் (1.6 லட்சம் ஒளியாண்டு): மூன்றடியில்.
ஆண்ட்ரமீடா (25 லட்சம்): 50 அடியில், நம்முடையதை விடப் பெரிய சஹனாக.
முக்கோண மண்டலம் (27 லட்சம்): 54 அடியில், ஓரடிக்குச் சற்று மேற்பட்ட தட்டாக.
சோம்ப்ரரோ (சுமார் 3 கோடி): 600 அடியில்.
எம் 87 (சுமார் 5.4 கோடி): 1,080 அடியில், அடுத்த தெருவில்.

கவனிக்க வேண்டியவை

இன்றிரவு நாம் காணும் ஆண்ட்ரமீடாவின் ஒளி 25 லட்சம் ஆண்டுகளுக்கு முன் புறப்பட்டது. அதன் இன்றைய நிலையை நாம் காணவில்லை. இத்தகைய ஒளியில் ஒருவருடைய நாளைய வாழ்வைப் படிப்பதாகச் சொல்லும் ஜோதிடத்துக்கும் இந்த அளவைக்கும் யாதொரு தொடர்பும் இல்லை.

இன்னொன்றும் உண்டு. வானங்களைச் சிந்தித்துப் பார்க்கும்படி திருக்குர்ஆன் நம்மைப் பலமுறை அழைக்கிறது. அந்த அழைப்பை ஏற்பது வேறு. அன்றாடக் கணக்கை ஆயத்துடன் முடிச்சுப் போடுவது வேறு. 9 லட்சம் என்பதை ஓர் ஆயத்தின் பொருளாக 1925இல் ஒருவர் எழுதியிருந்தால், 1952இல் அவர் என்ன சொல்லியிருப்பார்? மனிதர் அளவை திருத்தப்படும். திருத்தப்படுவதே அதன் நேர்மை. இறைவசனத்தின் கண்ணியம் அதைச் சார்ந்து நிற்பதில்லை. ஆகையால் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது தொகையை மட்டும் சொல்லாமல், அளந்தவர் யார், எவ்விதம் அளந்தார், பின் திருத்தியவர் யார் என்பதையும் சேர்த்துச் சொல்வோம். வல்ல அல்லாஹ் பயன் தரும் கல்வியை நமக்கும் நம் மக்களுக்கும் அருள்வானாக! ஆமீன்.